லேப்டாப் வைஃபை: உள்ளே கார்டு மாற்றுவதா, வெளியே டாங்கிள் செருகுவதா?

வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது, வேகம் ஏற மாட்டேன் என்கிறது, அல்லது வைஃபை ஐகானே காணாமல் போய்விட்டது. இப்படி ஆனதும் பலரும் செய்வது, கண்ணில் பட்ட குட்டி யூஎஸ்பி டாங்கிள் ஒன்றை வாங்கிச் செருகுவதுதான். சில லேப்டாப்களுக்கு அதுவே சரியான வழி. உள்ளே கழற்றி மாட்டக்கூடிய கார்டு இருக்கிற லேப்டாப்புக்கோ அது அரைகுறைத் தீர்வு. பெட்டியின் மேல் வைஃபை 6 என்றோ வைஃபை 7 என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்து முடிவெடுத்தால் பெரும்பாலும் தவறிவிடும். உங்கள் லேப்டாப்பின் வயிற்றில் என்ன ஸ்லாட் இருக்கிறது, அதில் எந்த வகைக் கார்டு உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது.

கார்டு நிஜமாகவே போய்விட்டதா?

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியை விரித்துப் பாருங்கள். கார்டின் பெயர் மஞ்சள் முக்கோணத்தோடு இருந்தால் இரட்டைக் கிளிக் செய்யுங்கள். ஒரு கோட் எண் தெரியும். கோட் 28 என்றால் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இல்லை, நிறுவினால் தீர்ந்தது. கோட் 10 என்றால் கார்டு தொடங்க மறுக்கிறது. டிரைவர் கெட்டிருக்கலாம், கார்டு ஏதோ ஒரு நிலையில் மாட்டிக்கொண்டு நிற்கவும் செய்யலாம். இரண்டாவதற்கு மருந்து எளிது: ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். ஷிஃப்ட் எதற்கென்றால், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும்போது சாதாரண ஷட் டவுன் முழுமையான ஷட் டவுன் ஆகாது. மின்சாரம் ஒருமுறை முழுதாக வடிந்த பிறகு கார்டு எழுந்து வருவது அபூர்வமல்ல.

கார்டு வேலை செய்கிறது, ஆனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுகிறது என்றால், அதே பண்புப் பெட்டியில் பவர் மேனேஜ்மென்ட் தாவலுக்குப் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். எல்லா லேப்டாப்பிலும் இந்தத் தாவல் இருக்காது; இருந்தால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

புது ரூட்டர் மாட்டியதும் பழைய லேப்டாப்புக்கு மட்டும் அந்த நெட்வொர்க்கின் பெயரே தெரியவில்லையா? ரூட்டர் வைஃபை 6 ஆகவும், லேப்டாப்பில் இன்டெல்லின் பழைய ஏசி (வைஃபை 5) வகைக் கார்டும் இருந்தால், டிரைவரைப் புதுப்பித்தாலே போதும். பழைய டிரைவருக்கு ஏஎக்ஸ் (வைஃபை 6) ரூட்டர் அனுப்பும் அறிவிப்பைப் படிக்கத் தெரியாது. ரூட்டரில் பாதுகாப்பு முறையை, புதியதான டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலும் பழைய கார்டு உள்ளே நுழையாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த நிலைக்கு மாற்றிப் பாருங்கள். இந்த இரண்டுக்காகவும் கார்டு வாங்குவது வீண் செலவு.

பட்டியலில் கார்டின் பெயரே இல்லை, பயாஸிலும் (கணினி துவங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருள்) வயர்லெஸ் முடக்கப்பட்டிருக்கவில்லை, பவர் பட்டன் வைத்தியத்துக்கும் மசியவில்லை என்றால்தான் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

உள்ளே இருப்பது எந்த வகை

சுமார் 2015-க்குப் பிறகு வந்த பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபை கார்டு எம்.2 வகை. அளவு 2230, அதாவது 22 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம். ஸ்லாட்டின் வெட்டு வகை கீ-ஈ அல்லது கீ-ஏ ஆக இருக்கும். விற்கப்படும் கார்டுகளில் பெரும்பாலானவை இரண்டிலும் பொருந்தும்படி இரண்டு வெட்டுகளோடு வருகின்றன. எஸ்எஸ்டி மாட்டும் கீ-எம் ஸ்லாட்டில் இவை போகாது. அதைவிடப் பழைய லேப்டாப்களில் இருப்பது அரை அளவு மினி பிசிஐஇ கார்டு, 30 மி.மீ. அகலம், 27 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான நீளம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஆன்டெனா முனைகளும் வேறு. எம்.2 கார்டில் இருப்பது எம்எச்எஃப்4 என்ற மிகச் சிறிய முனை. மினி பிசிஐஇ கார்டில் அதைவிடப் பெரிய பழைய முனை.

மூன்றாவது வகைதான் வாயை மூட வைக்கும்: போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட சிப். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் இதுதான். இதை வீட்டில் வைத்து மாற்ற முடியாது. அப்படியானால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது, வெளிச் சாதனம் ஒன்றே வழி. லேப்டாப் தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டில் 'டபிள்யூலேன் (வைஃபை) கார்டு அகற்றுதல்' என்ற பகுதி இருக்கிறதா என்று பார்த்தால், கீழ் மூடியைத் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

கார்டு மாற்றுவது

ஸ்லாட் இருந்தால் இதுவே என் முதல் பரிந்துரை. காரணம் வேகம் மட்டுமல்ல. லேப்டாப்பின் ஆன்டெனாக்கள் பெரும்பாலான மாடல்களில் திரையின் மேல் விளிம்பிலோ பக்கவாட்டிலோ உயரமாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும். விரல் நுனி அளவு டாங்கிளுக்குள் அப்படிப்பட்ட ஆன்டெனாவை அடைக்கவே முடியாது. கூடவே, எம்.2 கார்டு புளூடூத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்து போய்விட்ட லேப்டாப்பில் சாதாரண வைஃபை டாங்கிள் பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கும்.

எந்தக் கார்டு என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். இன்டெல்லின் ஏஎக்ஸ்210-உம் ஏஎக்ஸ்211-உம் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், வேகமும் ஒன்றே. ஆனால் ஏஎக்ஸ்210, பிசிஐஇ என்ற பொதுவான இணைப்பில் தனியே ஓடும் முழுமையான கார்டு. இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் ஓடும். ஏஎக்ஸ்211, ஏஎக்ஸ்201, 9560 ஆகியவை சிஎன்விஐ வகை. வைஃபை வேலையின் ஒரு பாதி இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே இருக்கும், கார்டில் இருப்பது ரேடியோப் பகுதி மட்டும். ஏஎம்டி லேப்டாப்பில் அதைச் செருகினால் உட்காரும், திருகும் போட முடியும், டிவைஸ் மேனேஜரில் மட்டும் எதுவும் வராது. இன்டெல் லேப்டாப்பாக இருந்தாலும் அதற்கேற்ற தலைமுறைச் செயலி தேவை. சிஎன்விஐ கார்டு இருந்த ஸ்லாட்டில் ஏஎக்ஸ்210 பெரும்பாலும் வேலை செய்யும். சில மாடல்களில் அந்த ஸ்லாட்டுக்கு பிசிஐஇ இணைப்பே இழுக்கப்பட்டிருக்காது. அப்போது பழைய கார்டின் அதே மாடலையோ அதன் சிஎன்விஐ வாரிசையோதான் வாங்க வேண்டும். இப்போது இருக்கும் கார்டின் பெயரை டிவைஸ் மேனேஜரில் படித்துக் குறித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தவிரும்.

வைஃபை 7 வேண்டுமென்று இன்டெல் பிஇ200 பக்கம் போகிறவர்கள் கவனிக்க: பல ஏஎம்டி லேப்டாப்களில் அது அடையாளம் காணப்படுவதே இல்லை. ஏஎம்டியில் வைஃபை 7-க்கு மீடியாடெக் எம்டி7925 அல்லது குவால்காம் என்சிஎம்865 பாதுகாப்பான தேர்வு. இயங்குதளமும் குறுக்கே நிற்கும். ஏஎக்ஸ்210-இன் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை விண்டோஸ் 10-இல் திறக்காது, விண்டோஸ் 11 வேண்டும். வைஃபை 7 அம்சங்களுக்கு விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வேண்டும். வீட்டு ரூட்டர் வைஃபை 5 என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு ஆன்டெனாக் கார்டு எதைப் போட்டாலும், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இணைப்பு வேகம் 867 மெகாபிட்டோடு நின்றுவிடும்.

பழைய லேப்டாப்களுக்கே உரிய வில்லங்கம் ஒன்று உண்டு. லெனோவோ, எச்பி நிறுவனங்களின் பழைய மாடல்கள் சிலவற்றில் பயாஸ் ஒரு அனுமதிப் பட்டியல் வைத்திருக்கும். பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் கணினி துவங்கவே துவங்காது. லெனோவோவில் 1802, எச்பியில் 104 என்ற எண்ணோடு பிழைச்செய்தி வந்து நின்றுவிடும். அத்தகைய மாடல்களுக்கு, தயாரிப்பாளரின் சொந்த உதிரிபாக எண் கொண்ட கார்டையே தேட வேண்டும். அது கிடைக்காவிட்டால் டாங்கிள்.

இனி வேலை. கார்டைக் கழற்றும் முன் புதிய கார்டின் டிரைவரை இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு இணையம் இருக்காது என்பது பலருக்குத் திருகைக் கழற்றிய பின்தான் உறைக்கிறது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இயங்கும் கணினி என்றால் ரெகவரி கீயை எடுத்து வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். வன்பொருள் மாறியதைப் பார்த்து அது கீ கேட்கக்கூடும். முழுவதுமாக ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, கீழ் மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவது. பிறகு ஏதாவது உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள்.

எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒயர் மெயின், இன்னொன்று ஆக்ஸ் (துணை); எந்த நிறம் எது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கார்டிலும் முக்கோணக் குறிகளோ 1, 2 என்ற எண்களோ இருக்கும். ஒயரை இழுத்துக் கழற்றாதீர்கள். தட்டையான பிளாஸ்டிக் முனை ஒன்றை முனையின் உலோகத் தலைக்கு அடியில் விட்டு நேர் மேலே தூக்குங்கள். ஒரே ஒரு திருகைக் கழற்றியதும் கார்டு தானே சாய்வாக எழும்பும். அதே சாய்வில் வெளியே இழுங்கள். புதியதை அதே சாய்வில் தங்க நிறக் கால்கள் ஏறக்குறைய மறையும்வரை தள்ளி, பிறகு படுக்க வைத்துத் திருகைப் போடுங்கள். ஒயர்களைக் கார்டு திருகப்பட்ட பிறகே மாட்ட வேண்டும். இல்லையென்றால் அழுத்தும்போது கார்டு வளையும்.

பொறுமை தேவைப்படும் இடம் அந்த எம்எச்எஃப்4 முனைகள். ஒயரின் தலை ஒரு சிறு வளையம், கார்டில் இருப்பது அதைவிடச் சிறிய வட்டக் குழி. வளையத்தைக் குழிக்கு நேர் மேலே வைத்து, விரல் நுனியால் லேசாக அங்குமிங்கும் நகர்த்துங்கள். சரியான இடத்தில் வந்ததும் வளையம் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகே நேர் கீழே அழுத்துங்கள். 'டிக்' என்று மெல்லிய உணர்வு விரலில் தட்டும். சாய்வாக அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும், பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் நிற்காது. இந்த முனைகள் சுமார் 30 முறை மாட்டிக் கழற்றவே வடிவமைக்கப்பட்டவை, ஆகவே சும்மா கழற்றிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். மூன்று ஒயர் இருந்து கார்டில் இரண்டே முனை இருந்தால், மீந்த ஒயரின் தலையை டேப்பால் சுற்றி ஓரமாக ஒதுக்குங்கள். வெறும் உலோகம் போர்டில் உரசக் கூடாது.

ஒரு ஒயர் சரியாக மாட்டாவிட்டாலும் வைஃபை வேலை செய்யும் என்பதுதான் இதில் ஏமாற்று. அறைக்குள் எல்லாம் சரியாகத் தெரியும். சுவரைத் தாண்டினால் சிக்னல் செத்துவிடும். கார்டு மாற்றியதும் "இது பழையதைவிட மோசம்" என்று தோன்றினால் கார்டைத் திட்டும் முன் மூடியைத் திறந்து ஒயரைப் பாருங்கள்.

யூஎஸ்பி டாங்கிள்

சால்டர் செய்த சிப், பயாஸ் பட்டியல், திறக்கக் கூடாத அலுவலக லேப்டாப், வாரண்டி ஸ்டிக்கர்: இவற்றில் ஏதாவது இருந்தால் டாங்கிளுக்குப் போவதில் தயக்கமே வேண்டாம். அரை நிமிடத்தில் மாட்டலாம், வேறு கணினிக்கும் மாற்றலாம். எந்த டாங்கிள் என்பதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்.

பெட்டியில் ஏசி600, ஏசி1200, ஏஎக்ஸ்1800 என்றிருக்கும் எண், இரண்டு அலைவரிசைகளின் வேகத்தைக் கூட்டிப் போட்டது. ஏசி600 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433. ஏசி1200 என்றால் 300-உம் 867-உம். ஏஎக்ஸ்1800 என்றால் ஏறக்குறைய 574-உம் 1201-உம். ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசைதான் ஓடும், ஆகவே கூட்டுத்தொகை வெறும் விளம்பர எண். அந்த வேகத்திலும் கோப்பு இறக்கத்தில் கைக்கு வருவது பாதிக்குச் சற்று மேலே இருக்கும். வெறும் 150 என்று விற்கப்படும் ஒற்றை அலைவரிசை டாங்கிளை வாங்கவே வேண்டாம் என்பேன். அந்த 150 வர 40 மெகாஹெர்ட்ஸ் அகலமான சேனல் வேண்டும். அக்கம்பக்கத்தில் நாலைந்து ரூட்டர் இருந்தாலே ரூட்டர் 20-க்குச் சுருங்கிக்கொள்ளும், இணைப்பு வேகம் 72 ஆகிவிடும், கைக்கு வருவது 40 சொச்சம்.

போர்ட் முக்கியம். யூஎஸ்பி 2.0-இன் ஏட்டு வேகம் 480 மெகாபிட். நடைமுறையில் 300-ஐத் தொட்டாலே பெரிது. ஏசி1200-க்கு மேல் வாங்கினால் டாங்கிளும் போர்ட்டும் யூஎஸ்பி 3.0 ஆக இருக்க வேண்டும். ஆனால் யூஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கொட்டுகின்றன. 2012-இல் இன்டெல்லே இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பக்கத்துப் போர்ட்டில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் வைஃபை தடுமாறுவதும், வயர்லெஸ் மவுஸ் குதித்து ஓடுவதும் இதனால்தான். டாங்கிளை 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுங்கள், முடிந்தால் ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் மாட்டி லேப்டாப்பிலிருந்து தள்ளி வையுங்கள். கேபிள் வைத்தால் உலோக உடலின் மறைவிலிருந்தும் ஆன்டெனா வெளியே வரும். அதனால் நகத்தளவு நானோ டாங்கிளைவிட, மடக்கி விரிக்கும் ஆன்டெனா உள்ள பெரிய டாங்கிள் எப்போதும் மேல். பையில் வைக்கும்போது இடிக்கும், உடையவும் கூடும். அது அதற்கான விலை.

தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் டாங்கிளைச் செருகாதீர்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 500 மில்லியாம்பியர், 3.0 கொடுப்பது 900. ஹப்பில் அதைப் பங்கு போட்டால், கனமாகத் தரவு ஓடும் நேரத்தில் டாங்கிள் அறுந்து மீண்டும் இணைவதைப் பார்ப்பீர்கள்.

சில டாங்கிள்கள் செருகியதும் சிடி டிரைவ்போலத் தோன்றும். பயப்பட வேண்டாம், அதற்குள்தான் விண்டோஸ் டிரைவர் இருக்கிறது. அதை இயக்கி நிறுவியதும் சாதனம் தானே வைஃபையாக உருமாறும். இணையமே இல்லாத கணினிக்கு இது வசதி, லினக்ஸில்தான் தலைவலி.

மற்ற வழிகள்

ஆண்ட்ராய்ட் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை இயக்கினால், போன் பிடித்திருக்கும் வைஃபையே லேப்டாப்புக்கு வரும். டிரைவர் இறக்குவதற்கு இது அருமையான தற்காலிக வழி. நாள் முழுக்க வைத்திருந்தால் போன் சூடாகும். மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் எல்லா வைஃபையையும்விட நிலையானது. சிறிய டிராவல் ரூட்டரைக் கிளையன்ட் முறையில் (வீட்டு வைஃபையை அதுவே பிடிக்கும்படி) வைத்து ஈதர்நெட்டில் இணைப்பதும் உண்டு. லேப்டாப்பில் வைஃபை டிரைவரே தேவைப்படாது என்பதால், டாங்கிள்களுக்கு டிரைவர் கிடைப்பது அரிதான மேக்புக்குகளுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

மாட்டிய பிறகு

டாங்கிள் போட்டிருந்தால் டிவைஸ் மேனேஜரில் பழைய உள் கார்டை டிசேபிள் செய்யுங்கள், நீக்க வேண்டாம். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இணைந்தால் தரவு எதன் வழியாகப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். டாங்கிளை மெதுவாகச் செருகினால் சில சமயம் 3.0 போர்ட்டிலும் 2.0 ஆகவே பிடிபடும். வேகம் 300-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் பிடுங்கிச் சட்டென்று செருகிப் பாருங்கள்.

அட்வான்ஸ்டு தாவலில் மாற்ற வேண்டியவை குறைவு. விருப்ப அலைவரிசை என்ற வரி இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸை முன்னிறுத்துங்கள். 2.4-க்கான சேனல் அகலத்தைத் தானியங்கியிலேயே விடுங்கள். ரோமிங் தீவிரத்தை ஒரே ரூட்டர் உள்ள வீட்டில் கூட்டாதீர்கள். இல்லாத இன்னொரு ரூட்டரைத் தேடிக்கொண்டே இருக்கும். புதிய கார்டுக்கு மேக் முகவரி (கார்டின் தனி அடையாள எண்) வேறு என்பதால், முகவரிப் பட்டியல் வைத்திருக்கும் அலுவலக அல்லது விடுதி நெட்வொர்க்கில் அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

செட்டிங்ஸில் வைஃபையின் ஹார்டுவேர் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் இணைப்பு வேகமும் அலைவரிசையும் தெரியும். ஏஎக்ஸ்210 போட்டு 2402 காட்டினால் ரூட்டர் 160 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 1201 என்றால் 80-இல் ஓடுகிறது, கார்டில் குறை இல்லை. ரூட்டர் பக்கத்திலேயே இருந்தும் 1201-க்கும் பாதியாக, 600 அளவில் காட்டினால் ஒரு ஆன்டெனா ஒயர் கழன்றிருக்க வாய்ப்பு அதிகம்.

லினக்ஸ்காரர்களுக்கு அளவுகோல் வேறு. வேகத்தை இரண்டாவதாக வைத்துவிட்டு, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கும் சிப்பைத் தேடுங்கள். உள் கார்டில் ஏஎக்ஸ்200-க்கு கெர்னல் 5.1-உம், ஏஎக்ஸ்210-க்கு 5.10-உம் அதற்கு மேலும் போதும். டாங்கிளில் மீடியாடெக் எம்டி7612யூ 4.19 முதலும், எம்டி7921ஏயூ 5.18 முதலும் தானே இயங்கும். ரியல்டெக் சிப் உள்ள பல டாங்கிள்களுக்கு நீண்ட காலம் வெளியிலிருந்து டிரைவரைக் கொண்டுவந்து கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. அப்படிச் செய்த டிரைவர் கெர்னல் புதுப்பிக்கும் நாளில் முறிந்து நிற்கும். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் காவல்) இயங்கினால் கையொப்பம் இல்லை என்று ஏற்றவும் மறுக்கும். சிடி டிரைவாகத் தோன்றும் டாங்கிள் வைஃபையாக மாறாவிட்டால் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மாடல் பெயரில் வன்பொருள் பதிப்பு 1, 2, 3 என்று சிப் மாறிக்கொண்டே வருவதால், பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.